நீலப்புள்ளி நிறுத்திய கார்

பெங்களூரில் கார் ஓட்டிய நேரத்தைவிடக் காரைத் தேடிய நேரம் அதிகமான மனிதர் என்றால் அது எங்கள் நீலப்புள்ளிதான். அல்சூர் ஆபீசில் அக்கவுண்ட்ஸ் சீனியர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அவர் போனில் ஒரு வசதி. வண்டியை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தால், இங்கேதான் நிறுத்தினாய் என்று அதுவே மேப்பில் ஒரு நீலப்புள்ளி வைத்துவிடும். இறங்கியது காரிலிருந்தா, பஸ்ஸிலிருந்தா என்றுதான் அதற்குச் சரியாகத் தெரியாது. அவருக்கோ அது வேதவாக்கு. ஒருநாள் பஸ்ஸில் வந்துவிட்டு, ஸ்டாப்பில் நிறுத்திய காரைக் காணோம் என்று பூக்காரம்மாவிடம் சண்டைக்கே போனார். கார் பிரேசர் டவுனில் அவர் வீட்டு வாசலில் நின்றது.

இந்த மனிதரை நம்பினேனே, என்னைச் சொல்லவேண்டும். அன்று சாயங்காலம் ஆம்பூரில் எனக்கு நிச்சயதார்த்தம். லீவு கிடைக்காமல் அரை நாள் வேலை பார்த்துவிட்டு, மதிய ரயிலுக்கு ஆட்டோ பிடிக்கப் போனவளைத் தடுத்தார்.

"நான் இருக்க ஆட்டோ எதுக்கும்மா? வா, ஸ்டேஷன்ல விடறேன்."

புள்ளி, ஆபீஸ் பக்கத்துக் கோயிலுக்குப் பின்னால் காட்டியது. போனோம். கார் இல்லை. காலையில் பேங்குக்குப் போய்விட்டு ஆட்டோவில் வந்து இறங்கிய இடமாம் அது! தலையில் அடித்துக்கொண்டு திரும்பினேன். அல்சூர் ஏரிப் பக்கம் வந்ததும் களைத்துப்போய் ஒரு வெள்ளைக் காரில் சாய்ந்தார்.

"சார், இதுதான் உங்க வண்டி."

"வெள்ளை வண்டி ஊர் பூரா இருக்கும்மா. போன் இங்க காட்டலையே."

சாவியைப் பிடுங்கி நானே அமுக்கினேன். விளக்கு மின்னியது. அடுத்தவன் வண்டியும் சில சமயம் மின்னத்தான் செய்யும் என்றார். கதவைத் திறந்து, பின் சீட்டில் கிடந்த அவர் குடையைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். அதற்குள் ரயில் போய்விட்டது. பெண்ணே இல்லாமல் யாருக்கு நிச்சயம் பண்ணுவது என்று அம்மா போனில் அழுதாள். நானும் அழுதேன். அவரை வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தேன்.

அவர் கார்க் கதவைத் திறந்தார். ஏறச் சொன்னார். ஆம்பூர் வரை ஓட்டிக்கொண்டு வந்தார். ஓசூர் தாண்டியதும்தான் கவனித்தேன், போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டிருந்தார். கண்ட டீக்கடையில் எல்லாம் கண்ணாடியை இறக்கி, பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக வழி கேட்டார்.

"போனைப் பாக்கலாமே சார்?"

"கல்யாண விஷயம்மா இது. அதை நம்ப முடியாது."

என் கோபமெல்லாம் அங்கேயே கரைந்துவிட்டது. தட்டு மாற்றும் நேரத்துக்கு மண்டபம் வந்து சேர்ந்தோம். பொண்ணு வந்தாச்சு, பொண்ணு வந்தாச்சு என்று எனக்கு முன்னால் உள்ளே ஓடினார். கார் நடுத்தெருவில் சாவியோடு நின்றது. எங்கே விட்டோம் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மகராசன்.