பதிவேட்டில் ஆறு பேர்

கார்ரோபெக், மேயோ கடற்கரை
1943 அக்டோபர் 19

மாதாவின் கருணையால் பாஸ்டன் நகரில் சகல சுகத்தோடும் இருக்கும் அன்பு அக்கா சபீனாவுக்கும், அத்தானுக்கும், பிள்ளைகளுக்கும் தம்பி ஃபெஸ்டஸ் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் இரண்டு பசுக்களும் சுகம். மூட்டுவலி இடது காலிலிருந்து வலது காலுக்குக் குடிபோயிருக்கிறது. மற்றபடி உடம்பில் மாறுதல் ஒன்றும் இல்லை.

'சண்டையில் சேராத நாட்டில் நீயாவது நிம்மதியாக இருக்கிறாயே' என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு ஒரு வாரம் கோபத்தில் பதில் எழுதாமல் இருந்தேன். சண்டை போடுகிற நாட்டில் நீ இருக்கிறாய், உன் கூரையில் ஒரு புறா எச்சம்கூட விழவில்லை. சண்டையே வேண்டாம் என்று ஒதுங்கிய நாட்டில் நாங்கள் இருக்கிறோம், சண்டைக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் தலையில்தான் விழுகிறார்கள். போன வருடம் ஜெர்மன்காரன் ஒருவன் பனிமூட்டத்தில் மலையில் மோதினான். விமானத்தில் இருந்த நாலு பேரையும் நம் கோயில் கல்லறையில்தான் புதைத்தோம். பெயர் வாயில் நுழையாவிட்டாலும் ஊர்ப் பெண்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அழுதார்கள். வசந்தத்தில் இங்கிலாந்துக்காரன் ஒருவன் கடலில் விழுந்து, நனைந்த உடுப்போடு நேரே ஞாயிறு பூசைக்குள் நடந்து வந்தான். ஃபாதர் பிரசங்கத்தை நிறுத்தவில்லை. அந்த ஆளும் கடைசிவரை நின்று கேட்டுவிட்டுத்தான் மயங்கினான்.

இதையெல்லாம் எழுதிவைப்பது என் வேலை. மேட்டின் மேல் இருக்கும் காவல் சாவடியில் என்னைப் பகல் காவலுக்குப் போட்டிருக்கிறார்கள். கடலிலும் வானத்திலும் எது போனாலும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். நான் பொய் சொல்லமாட்டேன் என்பது உனக்குத் தெரியும். அதனால்தான் இந்த வேலை கிடைத்தது, அதனால்தான் இதுவரை கல்யாணமும் ஆகவில்லை.

வானத்தில் போகிறவர்களுக்கு இது எந்த நாடு என்று தெரியட்டும் என்று, மேட்டுப் புல்வெளியில் நம் நாட்டுப் பெயரைக் கல்லில் எழுதச் சொல்லி டப்ளினிலிருந்து உத்தரவு வந்தது. ஈ, ஐ, ஆர், ஈ. நம் பாஷையில் அயர்லாந்து. ஒவ்வோர் எழுத்தும் ஒரு வீட்டு உயரம். கோடையெல்லாம் கல் சுமந்து, அடுக்கி, சுண்ணாம்பு அடித்தோம். என் வலது மூட்டு அங்கே போனதுதான். இனிமேல்தான் அக்கா, பக்கத்து வயல் ஹானர் பேடன் கதைக்குள் வருகிறாள். உனக்கு நினைவிருக்கும், மைக்கேல் பேடனின் விதவை. அவளுடைய பன்றிக் கொட்டிலின் சுவர் மழையில் சரிந்திருந்தது. மேட்டில் நல்ல கல் வரிசையாகக் கிடந்தது. முதல் எழுத்தின் கீழ்க்கோட்டை மட்டும் கழுதைமேல் ஏற்றிக் கொண்டுபோய்விட்டாள். கேட்டதற்கு, "மூணு கோட்டுல ஒரு கோடுதான எடுத்தேன். மிச்சத்தைப் பாத்தா படிக்கத் தெரிஞ்சவனுக்குப் புரியாதா?" என்றாள்.

புரிந்தது. போன செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குப் புரிந்தது. அமெரிக்க விமானம் ஒன்று, நாலு எஞ்சினில் ஒன்று நின்றுபோய், மேகத்துக்குக் கீழே வந்து மேட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு சக்கரத்தைக்கூட இறக்காமல் வயிற்றால் என் உருளைக்கிழங்கு வயலை உழுதுகொண்டு, வேலியைத் தாண்டி ஹானரின் ஓட்ஸ் கதிர்ப்போரைச் சிதறடித்து, அவளுடைய பன்றிக் கொட்டிலில் மூக்கை வைத்து நின்றது. சுவர் விழுந்தது. பன்றி வெளியே வந்து விமானத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கடற்கரைப் பக்கமாக ஓடிப்போனது. உள்ளேயிருந்து ஏழு பேர் இறங்கினார்கள். மாதா காப்பாற்றினாள், யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருக்கு மட்டும் கணுக்கால் முறிந்திருந்தது.

கேப்டன் நெட்டையான மனிதர். என்னைப் பார்த்ததும், "எங்க தீ பிடிச்சிருக்கு சார்?" என்று கேட்டார்.

"தீயா? இங்க ஈர விறகே ஒரு மணி நேரம் ஊதினாத்தான் எரியும்," என்றேன்.

"மேட்டு மேல நீங்கதான எழுதி வச்சிருந்தீங்க, ஃபயர்னு? ஒரு எஞ்சின் போச்சு, மத்ததும் எரியுது போல, கீழ இருக்கறவங்களுக்குத் தெரியுது, நமக்குத் தெரியலன்னு நெனச்சு இறக்கிட்டேன்."

ஈ-யில் கீழ்க்கோடு போனால் எஃப் ஆகிவிடும் அக்கா. கோடையெல்லாம் நாங்கள் சுமந்தது ஈ-ஐ-ஆர்-ஈ, அவர் படித்தது எஃப்-ஐ-ஆர்-ஈ. நான் ஹானரைப் பார்த்தேன். அவள் பன்றி போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கிருந்து வருகிறீர்கள் என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "பிரான்ஸ் கரையில குண்டு போட்டுட்டு வந்துட்டிருந்தோம்," என்று அவரும் வெள்ளையாகச் சொல்லிவிட்டார். அந்த நேரத்தில்தான் ஊர்ப் போலீஸ் சார்ஜண்ட் டூஹி சைக்கிளில் வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கியபடியே கேப்டனிடம், "வாங்க. பயிற்சில வழி தவறிட்டீங்க போல," என்றார்.

"இல்லீங்க, குண்டு போட..."

"பயிற்சிலன்னு சொன்னேன்."

"இல்லீங்க சார்ஜண்ட், நாங்க..."

"தம்பி, எனக்குக் காது கொஞ்சம் மந்தம். பயிற்சிங்கிற வார்த்தை மட்டும் நல்லா கேக்கும்."

விஷயம் இதுதான். சண்டைக்குப் போய் வந்தவர்கள் என்றால் சண்டை முடியும்வரை முகாமில் அடைக்க வேண்டும். பயிற்சியில் வழி தவறியவர்கள் என்றால் மாலைக்குள் லாரியில் ஏற்றி, வடக்கே இங்கிலாந்துக்காரன் ஆளும் பக்கத்து எல்லையில் விட்டுவிடலாம். எது என்று பதிவேடு சொல்ல வேண்டும். பதிவேடு என் கையில் இருக்கிறது, நான் காதால் கேட்டுவிட்டேன். அதோடு எழுத்து ஏன் மாறியது என்றும் எழுத வேண்டும். எழுதினால், அரசாங்கக் கல்லை எடுத்த குற்றத்துக்கு ஹானரை காஸ்ல்பார் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவார்கள். ஒரு பேனாவில் எட்டுப் பேர் தலை.

எல்லோரையும் ஹானர் தன் சமையலறையில் உட்கார வைத்து, ஒரு மாத ரேஷன் தேயிலையை ஒரே பானையில் போட்டாள். கால் முறிந்தவர் பெயர் ஆர்வல். முப்பத்தாறு வயது, வழுக்கைத் தலை. விமானத்தின் வால்பக்கம் துப்பாக்கியோடு உட்காருகிற வேலை. நெப்ராஸ்காவில் மனைவியும் இரட்டைப் பெண் குழந்தைகளும் இருக்கிறார்கள். மற்ற ஆறு பேரும், சீக்கிரம் திரும்பிப் போய்ச் சேரவேண்டும் என்று கேப்டனோடு சேர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முட்டை கொண்டுபோய்க் கொடுத்தபோது மெல்லக் கேட்டார்.

"நீங்க உண்மைய எழுதினா எங்கள எத்தன நாள் வச்சிருப்பாங்க?"

"சண்டை முடியிறவரைக்கும்."

"சாப்பாடு?"

"உருளைக்கிழங்கு."

முட்டையைக் கீழே வைத்தார். "எனக்கு முன்னாடி அந்த வால்ல உக்காந்தவன் மூணு பேர். மூணு பேரும் இப்ப இல்ல. நான் உங்கள ஒண்ணும் கேக்கல. சும்மா சொன்னேன்," என்றார்.

நான் வெளியே வந்து கொட்டிலின் இடிந்த சுவரில் உட்கார்ந்தேன். ஐம்பத்துமூன்று வயதில் முதல்தடவையாக, பொய் சொல்லத் தெரிந்தவர்கள்மேல் பொறாமை வந்தது. ஹானர் பின்னாலேயே வந்தாள்.

"ஆறு பேர் போணும்ங்கறான். ஒருத்தன் வேண்டாங்கறான். ஏன் மூஞ்சிய இப்பிடி வச்சிருக்க?"

"பொய் எழுதமாட்டேன் ஹானர்."

"யாரு எழுதச் சொன்னா? நடந்தத எழுத வரலைன்னா, எழுதுற மாதிரி நடத்திக் காட்டு." அப்படிச் சொல்லிவிட்டு, நான் உட்கார்ந்திருந்த கல்லைக் காலால் தட்டினாள். "மொதல்ல எந்திரி. இது அரசாங்கக் கல்லு."

அதன்பிறகு நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும் அக்கா. சுவரிலிருந்த கல்லையெல்லாம் கழுதைமேலும், கழுதை போதாமல் ஆறு அமெரிக்கர்களின் கையிலும் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோனோம். கேப்டனே முன்னால் நின்று வரிசை பிடித்துக் கைமாற்றிக் கொடுத்தார். தங்களைக் கீழே இறக்கிய எழுத்தைத் தங்கள் கையாலேயே திருத்தினார்கள். சுண்ணாம்பு அடித்த ஒருவர், ஊரில் கடைப் பலகை எழுதுகிறவராம். நான் போட்ட மற்ற மூன்று எழுத்தும் கோணல் என்று சொன்னார். மனம் நொந்துவிட்டது.

சார்ஜண்ட் சைக்கிளில் சாய்ந்தபடி என்னைக் கேட்டார். "இப்ப என்ன செய்யிறாங்க ஃபெஸ்டஸ்?"

"கல்லு தூக்குறாங்க."

"பட்டாளத்துக்காரன் வரிசையா நின்னு கல்லு தூக்கினா அதுக்கு என்ன பேரு?"

யோசித்தேன். "பயிற்சி," என்றேன்.

"உன் கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப எழுது."

எழுதினேன். 'நாட்டின் பெயர் மேட்டில் பிழையின்றித் தெளிவாக உள்ளது. அமெரிக்க விமானப்படையினர் ஆறு பேர் பயிற்சியில் ஈடுபட்டிருந்ததை நேரில் கண்டேன்.' ஒரு சொல் பொய் இல்லை. மேட்டில் ஆறு பேர்தான் இருந்தார்கள், ஏழாமவர் ஹானரின் சமையலறையில் மூன்றாவது முட்டையில் இருந்தார். லாரி வந்தபோது ஆர்வலை ஏற்ற முடியவில்லை, காலைத் தொட்டாலே துடித்தார். கேப்டன் அவர் தோளில் கை வைத்து வெகுநேரம் நின்றார். "கால் சேரட்டும், வந்து கூட்டிட்டுப் போறோம். ஒண்ணும் அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். எல்லையில் அவர்கள் காகிதத்தில் ஏழு, எங்கள் காகிதத்தில் ஆறு. அந்த ஒரு ஆளைப் பற்றி இரண்டு பக்கத்து அலுவலகங்களும் இப்போது கடிதம் எழுதிக்கொள்கின்றன. சார்ஜண்ட் கணக்குப்படி, அவர்கள் ஒத்துப்போவதற்குள் சண்டை முடிந்துவிடும்.

இனி உன்னிடம் ஒரு உதவி. பதிவேட்டிலேயே இல்லாத ஆள் என்பதால் ஆர்வல் இங்கிருந்து வீட்டுக்கு எழுத முடியாது. விமானம் திரும்பவில்லை என்று அவர் மனைவிக்குத் தந்தி போயிருக்கலாம். அவள் பெயரும் முகவரியும் தனித் தாளில் வைத்திருக்கிறேன். ரயிலேறியாவது போய், புருஷன் உயிரோடு இருக்கிறார் என்று சொல்லிவிடு. நேரில் சொல். தபாலை நம்பாதே.

அத்தானின் இருமலுக்கு ஆட்டுப்பால் நல்லது. பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். மாதா உங்கள் கூரையை எப்போதும் போல் காலியாகவே வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உண்மையைத் தவிர வேறு எழுதத் தெரியாத தம்பி,
ஃபெஸ்டஸ் முன்னெலி

பின்குறிப்பு: தபால்கார அம்மா அட்ராக்டா உறையைக் கையில் வாங்கி எடை பார்த்தே, "இதுல ஏரோப்ளேன் இருக்கா?" என்று கேட்டுவிட்டாள். இருந்தால் டப்ளினில் கடிதங்களைத் தணிக்கை செய்கிற அதிகாரிகள் அந்த வரிகளைக் கத்தரிக்கோலால் வெட்டி, சன்னல் சன்னலாகத்தான் அனுப்புவார்களாம். திரும்ப எழுதத் தாள் இல்லை. ஆகவே அக்கா, மேலே எழுதியது ஒன்றும் நடக்கவில்லை. இங்கே விமானம் எதுவும் விழவில்லை. விமானம் என்று நான் எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் பசு என்று வாசித்துக்கொள். வழி தவறிய பசு ஒன்று ஹானரின் கொட்டிலில் முட்டியது, அவ்வளவுதான். கூட வந்த ஆறு கன்றுகளை அவற்றின் சொந்தக்காரர்களிடம் சேர்த்துவிட்டோம். நெப்ராஸ்காவில் இருக்கும் அந்த அம்மாளிடம் மட்டும், வழுக்கைத் தலைக் கன்று ஒன்று இங்கே இருக்கிறது, கால் கூடிவருகிறது, நன்றாகத் தின்கிறது, இரண்டு பெண் குட்டிகளின் பெயரையும் சொல்லிச் சொல்லி முனகுகிறது என்று சொல். அவளுக்குப் புரியும்.