மேகந்தாங்கி மலைக்கு நாலு ராத்திரி அஞ்சு பகல்

ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி ஒரே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, அதை வைத்துக்கொண்டே பன்னிரண்டு வருடம் மரியாதையாக வாழ்ந்து வந்தது.

அதன் பெயர் குஞ்சிதபாதம். இளவயதில் ஒரு நாள், மேட்டிலிருந்து பலாப்பழம் ஒன்று உருண்டு வருவதைப் பார்த்து, யாரோ சொந்தக்காரர் அவசரமாக வருகிறார் என்று நினைத்து எதிரே போய் வணக்கம் சொன்னார். சொந்தக்காரர் நிற்கவில்லை. இருவரும் சேர்ந்தே பள்ளத்தில் விழுந்தார்கள். குஞ்சிதபாதத்துக்கு இடது காலில் எலும்பு முறிவு. நடை அன்றிலிருந்தே ஒரு சாய்வு.

பிறகு பெண் பார்க்கப் போனபோது பெண்ணின் அப்பா, "கால்ல என்ன மாப்பிள்ளை?" என்று கேட்டார். பெண் லோகநாயகி பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் பலாப்பழம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"மேகந்தாங்கி மலை உச்சிக்குப் போனப்ப அடிபட்டது மாமா. அது பழைய கதை" என்றார்.

கல்யாணம் நடந்தது. அத்தோடு அவர் 'மலையேறி' குஞ்சிதபாதமும் ஆகிவிட்டார். எந்த விசேஷமானாலும் முன்வரிசை. பள்ளி விழாவில் பரிசு கொடுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். மழை வருமா என்று அவரிடம் கேட்பார்கள். மலையேறியவருக்கு மழையைப் பற்றி எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை செங்கமலம் என்ற காட்டுக்கோழி அவர் வளைக்கு வந்தாள். ஏதாவது ஏற்பாடு செய்யாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

"அண்ணே, நாம மேகந்தாங்கிக்குப் போறோம். நாலு ராத்திரி, அஞ்சு பகல். வழிகாட்டியும் பேசி முடிச்சாச்சு. பேச்சியம்மான்னு ஒரு வரையாடு, அந்த மலையிலயே பொறந்து வளந்தவங்க."

"நாமன்னா யாரு யாரு?"

"நான், முத்துவீரப்பன், அண்ணி. தலைமை நீங்கதான். நம்ம காட்டுல ஏறினவரு நீங்க ஒருத்தர்தானே."

முத்துவீரப்பன் என்பவன் ஒரு காட்டெருமை. பார்த்தால் பாறை மாதிரி இருப்பான். எறும்புக்குப் பயப்படுவான்.

உள்ளேயிருந்து லோகநாயகி, "நல்ல யோசனை. அவரு ஏறின இடத்த நானும் ஒரு தடவை பாக்கணும்" என்றாள்.

குஞ்சிதபாதத்துக்கு முதுகில் உள்ள அத்தனை முள்ளும் தானாக எழுந்து நின்றது. அந்த மலையிலேயே பிறந்த வரையாடு ஒன்று கூட வந்தால், அரைமணி நேரத்தில் குட்டு உடைந்துவிடும். முன்வரிசை போகட்டும். பன்னிரண்டு வருடமாக லோகநாயகி ஒரு மலையேறிக்குக் கிழங்கு அவித்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள். பலாப்பழத்தோடு உருண்டவனுக்கும் அதே கிழங்கை அதே கையால் போடுவாளா என்பதுதான் அவர் கவலை.

வரமாட்டேன் என்று சொல்ல வழியில்லை. ஆகவே திட்டம் போட்டே இந்தப் பயணத்தைக் கொன்றுவிடுவது என்று முடிவு செய்தார். அந்தக் காட்டில் அதற்கு முன்மாதிரி உண்டு. கடல் பார்க்கப் போவதாகக் கிளம்பிய ஒரு கூட்டம், எந்தக் கிழமை போவது என்பதிலேயே ஆறு வருடம் இருந்து, பாதிப் பேர் சண்டையிலும் மீதிப் பேர் வயதிலும் கழன்றுகொண்டார்கள்.

முதல் வேலையாகப் பதினான்கு பக்கத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் தயாரித்தார். மூன்று பிரதி நிரப்ப வேண்டும். 'இதற்கு முன் மலையிலிருந்து விழுந்ததுண்டா? ஆம் எனில் எவ்வளவு தூரம்?' 'விழும்போது கத்தும் வழக்கம் உண்டா?' 'கத்துவீர் எனில், என்ன சொல்லிக் கத்துவீர்?' இப்படி நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள். இதைப் பார்த்து ஓடிவிடுவார்கள் என்று நினைத்தார்.

காட்டில் யாருக்கும் அதுவரை ஒரு படிவம் கிடைத்ததில்லை. மறுநாள் காலை அவர் வளையிலிருந்து ஓடை வரைக்கும் வரிசை நின்றது. மலைக்கு வராதவர்களும் நின்றார்கள். முன்னால் நிற்பவர் என்ன எழுதினார் என்று பார்த்துப் பின்னால் நிற்பவர் எழுதியதில், நாற்பது பேர் விழும்போது 'ஐயோ கமலா' என்று கத்துவதாக எழுதிக் கொடுத்தார்கள். கமலா யாரென்று கடைசிவரை தெரியவில்லை. மரவட்டை ஒன்று மட்டும், 'ஒவ்வொரு காலுக்கும் தனித்தனியாகச் செருப்பு அளவு எழுதுக' என்ற கேள்விக்கு வந்து நின்றது. அது இன்னும் எழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

"ஏறினவருக்குத்தான் இவ்வளவு கேக்கத் தெரியும்" என்று செங்கமலம் எல்லாரிடமும் சொன்னாள்.

அடுத்தது உடல்தகுதி. உயரத்தில் மூச்சு முட்டும் என்பதால் ஒவ்வொருவருக்கும் ஆக்ஸிஜன் அளவு பார்க்க வேண்டும் என்றார். விரலில் மாட்டும் கருவி ஒன்றைச் செங்கமலம் எங்கிருந்தோ வாங்கி வந்தாள். முத்துவீரப்பனுக்கு விரல் இல்லை. குளம்பில் மாட்டினார்கள். பூஜ்யம் காட்டியது. கொம்பில் மாட்டினார்கள். அதிலும் பூஜ்யம்.

"கருவிப்படி பாத்தா நீ செத்துட்டப்பா" என்றார் குஞ்சிதபாதம். உள்ளுக்குள் சந்தோஷம்.

முத்துவீரப்பன் தரையில் உட்கார்ந்து அழுதான். "காலையிலகூட நல்லாத்தானே புல்லு மேஞ்சேன்" என்றான். இறந்தவன் மலைக்கு வரலாமா என்று படிவத்தில் தேடினார்கள். அப்படி ஒரு கேள்வியே இல்லை. இல்லாததால் தடையும் இல்லை என்று செங்கமலம் தீர்ப்பு சொன்னாள். முத்துவீரப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அன்று முதல் தைரியசாலி ஆகிவிட்டான். எப்படியும் செத்தாயிற்று, இனி எறும்பு என்ன செய்துவிடும் என்று கேட்டான்.

கூடாரத்தில் தன் முள் குத்தி எல்லாம் கிழிந்துவிடும் என்றார் குஞ்சிதபாதம். தன் தோல் தடித்தது, அவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறேன் என்றான் முத்துவீரப்பன். நூற்றெட்டுப் பொருள் கொண்ட பட்டியல் கொடுத்தார். செங்கமலம் நூற்றொன்பதாகக் கூவுவதற்குத் தன் தொண்டையையும் சேர்த்துக்கொண்டு எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். ஒரு மாதத்தில், அந்தக் காட்டில் எந்தப் பயணமும் இவ்வளவு ஒழுங்காகத் திட்டமிடப்பட்டதில்லை என்று ஆகிவிட்டது.

கடைசியில் பேச்சியம்மாவே திட்டத்தைப் பேசி முடிக்க இறங்கி வந்தார். வயதான வரையாடு. புல்லை மென்றுகொண்டே பேசுவார். மெல்வது முடியும்வரை எதிரில் இருப்பவர் காத்திருக்க வேண்டும்.

"சார் ஏற்கெனவே ஏறியிருக்கீங்களாமே" என்றார். "எந்தப் பக்கமா ஏறினீங்க, கிழக்கா மேற்கா?"

லோகநாயகி கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நடுவுல" என்றார் குஞ்சிதபாதம்.

பேச்சியம்மா மென்றார். "நடுவுல செங்குத்தான பாறையில்ல இருக்கு."

"அதேதான்."

பேச்சியம்மா இன்னும் கொஞ்சம் மென்றார். "சரி. நாம கிழக்கால போவோம்" என்று சொல்லி எழுந்துகொண்டார்.

புறப்பட்டார்கள். முதல் நாள் மூங்கில் காடு, அட்டைக்கடி. இரண்டாம் நாள் சோலைக்காடு, அதற்கு மேல் புல்வெளி. குஞ்சிதபாதத்துக்கு மூச்சு வாங்கியது. அவர் நிற்கும்போதெல்லாம் மற்றவர்கள், பழைய நினைவில் நிற்கிறார் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளி நின்றார்கள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. திட்டு விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அன்று சாயங்காலம் அடுப்பு மூட்டிக் கஞ்சி கொதிக்கும்போது, அவர் எழுந்து நின்றார்.

"நான் ஒண்ணு சொல்லணும். நான் இந்த மலைக்கு வந்ததே இல்ல. என் கால் பலாப்பழத்தால உடைஞ்சது. பன்னெண்டு வருஷமா எல்லாரையும் ஏமாத்தியிருக்கேன்."

முத்துவீரப்பன் தொண்டையைச் செருமினான்.

"பெரியவங்க பெரியவங்கதான். நாங்க மூச்சு வாங்குறதப் பாத்து, எங்களுக்கு மனசு விட்டுப்போயிடக் கூடாதுன்னு தன்னையே தாழ்த்திப் பேசுறாரு பாரு."

"எனக்குக் கண்ணு கலங்குது" என்றாள் செங்கமலம். கலங்கவும் செய்தது.

"நான் சொல்றது நிசம்" என்றார் குஞ்சிதபாதம்.

"உக்காருங்கண்ணே. களைச்சிருப்பீங்க" என்று செங்கமலம் அவருக்கு முதல் கிண்ணத்தை நீட்டினாள்.

அவர் கிண்ணத்தோடு லோகநாயகி பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கஞ்சி இறங்கவில்லை.

"நீயாவது நம்புறியா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு முன்னயே தெரியும்" என்றாள் லோகநாயகி. "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு எங்க வளை வாசல்ல மூணு படி ஏறுறதுக்குள்ள ரெண்டு தடவ நின்னீங்க."

"பிறகு ஏன் சம்மதிச்சே?"

"உங்களுக்கு முந்தின நாள் இன்னொருத்தர் வந்தாரு. அவரு நிசமாவே ஏதோ குன்று ஏறினவரு. ஏறின கதைய மூணு மணி நேரம் சொன்னாரு. அப்பா உக்காந்த மேனிக்கே தூங்கிட்டாரு, நான்தான் முழுக்கக் கேட்டேன். நீங்க ரெண்டே வரியில முடிச்சீங்க. கஞ்சி ஆறுது, குடிங்க."

குஞ்சிதபாதம் குடித்தார். அன்றைக்கு அந்தக் கஞ்சியில் உப்பு போட மறந்திருந்தார்கள். அவருக்கு அது தெரியவில்லை.

மூன்றாம் நாள் மதியம் மேகம் இறங்கி எல்லாவற்றையும் மூடியது. தன் மூக்கு நுனியே யாருக்கும் தெரியவில்லை. முத்துவீரப்பன் உட்கார்ந்துவிட்டான். செங்கமலம் உட்கார்ந்துவிட்டாள். குஞ்சிதபாதமும் லோகநாயகியும் ஒருவர் மேல் ஒருவர் சாயப் பார்த்து, முள் ஞாபகம் வந்து, தனித்தனியாகச் சாய்ந்தார்கள்.

பேச்சியம்மா நின்றார். நான்கு பேரையும் பார்த்தார். மென்று முடித்தார்.

"வந்தாச்சு. இதுதான் உச்சி" என்றார்.

என்ன சந்தோஷம் அப்போது. செங்கமலம் கூவினாள். முத்துவீரப்பன், செத்த பிறகு மலையேறிய முதல் காட்டெருமை தான்தான் என்று சொல்லிக்கொண்டான். கொடி நட்டார்கள். படம் எடுத்தார்கள், படத்தில் வெள்ளையாக மேகமும் அதற்குள் ஒரு கொம்பும் விழுந்தன. நாலு நாள் ஏற வேண்டிய மலையை மூன்றே நாளில் ஏறியதற்குத் திட்டமிடல்தான் காரணம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. மேகம் திரைச்சீலை போல ஒதுங்கியது.

அவர்கள் உட்கார்ந்திருந்தது ஒரு மேடு. அதற்குப் பின்னால், வானத்தில் பாதியை அடைத்துக்கொண்டு, மேகந்தாங்கி நின்றது. அவர்கள் இதுவரை ஏறியதைப்போல மூன்று மடங்கு மிச்சம் இருந்தது.

செங்கமலத்தின் கூவல் பாதியில் நின்றது. முத்துவீரப்பன் கொடியைப் பார்த்தான், மலையைப் பார்த்தான், தன் கால் குளம்புகளைப் பார்த்தான். பிறகு எல்லாரும் சேர்ந்து பேச்சியம்மாவைப் பார்த்தார்கள்.

பேச்சியம்மா மென்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் மென்றார்.

"அது வேற மலை" என்றார்.

குஞ்சிதபாதத்துக்கு அந்தக் குரல் தெரிந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் அவரே பேசிய குரல் அது. எத்தனை வருடமாக இந்த அம்மாள் இந்த மேட்டோடு திரும்பிக்கொண்டிருக்கிறார், எத்தனை பேரைத் திருப்தியாக இறக்கி அனுப்பியிருக்கிறார் என்று அவர் யோசித்தார். செங்கமலத்தின் முகத்தில் அழுகை தயாராக இருப்பதையும் பார்த்தார். இந்தக் கூட்டத்தில் யார் சொன்னால் நம்புவார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

அவர் எழுந்து, சாய்ந்த காலை ஊன்றி, கண்ணுக்கு மேல் கையை வைத்து நிதானமாகப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "நான் போன தடவை வந்தப்பவும் அந்த வேற மலை அங்கதான் இருந்துச்சு."

எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். முத்துவீரப்பன் கொடியை இன்னும் கொஞ்சம் ஆழமாக நட்டான். பேச்சியம்மா முதல்முறையாக மெல்வதை நிறுத்திவிட்டு, குஞ்சிதபாதத்துக்கு ஒரு பிடி புல் நீட்டினார். லோகநாயகி மட்டும் மறுபக்கம் திரும்பிக்கொண்டு, முள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

நீதி: ஏறியவர்கள் எல்லாரும் ஒன்றாகக் களைத்து உட்காரும் இடமே மலையின் உச்சி. அதற்கு மேல் ஏதாவது தெரிந்தால், அது வேறு மலை.