சம்பந்தம் பேச வந்த கொரோனா

மேடையில் பழகிய வாய்க்கு வீட்டு மண்டபமும் மேடையே. அங்கே தேநீர் அருந்துவோர் அனைவரும் அவையோரே. இந்த உண்மையை நான் கற்றது, என் ராத்தாவின், அதாவது அக்காவின், சம்பந்தம் முறிந்துபோக இருந்த ஒரு மாலையில்.

சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் கல்முனைக்கு வந்திருந்தார்கள். முதல் வேனில் மாப்பிள்ளையின் மாமாவும் உறவினரும் வந்து அமர்ந்துவிட்டனர். மாப்பிள்ளையின் உம்மா ஏறிய இரண்டாவது வேனைத்தான் காணவில்லை. நானோ வேறொரு வருகைக்காகத் தவித்துக்கொண்டிருந்தேன். சூரியனின் வெளிமண்டலமாகிய கொரோனா அன்று வெடித்திருந்தது. வேகத் துகள்கள் பூமிக்கு முந்தி வரும். பிழம்பின் பெருங்கூட்டம் ஓரிரு நாள் பிந்தி வரும். மறுநாள் விவாதப் போட்டியில் எனக்கு அதுவே தலைப்பு. கால் தரையில் நிற்கவில்லை. கைபேசியை எடுத்தேன், வைத்தேன், வாசலுக்கு நடந்தேன், திரும்பினேன். அறைக்குள்ளே ராத்தா நகம் கடித்துக்கொண்டிருந்தாள். (மாப்பிள்ளையை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.)

மண்டபத்தில் தேநீர்க் கோப்பைகள் காலியாகின. வாப்பா என் காதருகே குனிந்தார்.

"மகன், வேன் வாற வரைக்கும் ரெண்டு வார்த்தை கதையன்."

இரண்டு வார்த்தையா? என்னிடமா? எழுந்தேன்.

"அவையோரே! கொரோனா வெடித்துக் கிளம்பிவிட்டது! முன்னே வந்தவை வெறும் துகள்கள். பெருங்கூட்டம் இனித்தான் வந்து இறங்கப்போகிறது! அதைத் தடுக்க எவராலும் இயலாது!"

'சூரியன்' என்ற சொல்லை உச்சக்கட்டத்துக்கு ஒதுக்கிவைத்து, ஓர் இடைவெளி விட்டேன். (மேடைக்கலை!) அந்த இடைவெளியில், இரண்டாவது வேனில் வந்திறங்கிய மாப்பிள்ளையின் உம்மா வாசலில் நின்றிருந்தார். ஒரு சொல்லும் அவருக்குத் தவறவில்லை. (தெளிவான உச்சரிப்புக்கு நான் பரிசு பெற்றவன்.)

"ஆரப் பாத்துக் கதைக்கான் இந்தப் பொடியன்? நாங்களா கொரோனா கொண்டு வாறம்?"

மாமா தொப்பியைச் சரிசெய்தபடி எழுந்தார். "வா தங்கச்சி, போவம்."

"இல்ல மாமா, இது சூரியன்ட கொரோனா!" என்று அலறினேன்.

"யா அல்லாஹ், அங்கயும் போயிட்டா?" என்றார் மாமா.

அழைக்கும்வரை வெளியே வரக்கூடாத மணப்பெண், அறைக்கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"மாமி, இவனுக்கு இரிக்கிற ஒரே வருத்தம் வாய்தான். அது மத்தவங்களுக்குத் தொத்தாது. நீங்க இரிங்க, தேத்தண்ணி ஊத்தித் தாறன்."

மாப்பிள்ளையின் உம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"கதைக்கத் தெரிஞ்ச ஒரு புள்ளயாவது இந்த ஊட்டுல இரிக்கே!"

சம்பந்தம் நிலைத்தது. எங்கள் கிழக்குக் கரையில் மணமகன்தான் மணமகள் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே, அந்தக் கொரோனாப் பகடி பெருநாளைக்கு மட்டும் வந்துபோகும் விருந்தாளியன்று. நிரந்தரமாகவே எங்களோடு வசிக்கிறது. காலையில் நான் "அவையோரே" என்று ஒத்திகை தொடங்கினால் போதும். மச்சான் முகக்கவசத்தைத் தேடுகிறார்.