தாய்மாமனுக்குக் கொம்பு

"ஏட்டி ஸ்வாதி, தாய்மாமனுக்கு எப்பம்ட்டி கொம்பு முளைச்சுது?"

போனில் குற்றாலிங்கம் அண்ணாச்சி கேட்ட கேள்வி ஸ்வாதிக்கு விளங்கவில்லை. தென்காசியில் அவருடைய ஃப்ளெக்ஸ் கடையில் அவள்தான் டிசைனர். தெரு முக்குக்கு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்த பிறகு நன்றாகவே விளங்கியது.

வள்ளித்தாய் வீட்டுக் கல்யாண ஃப்ளெக்ஸ் சாரலில் நனைந்து பளபளத்தது. நடுவில் வள்ளித்தாயின் மகளும் மாப்பிள்ளையும். பக்கத்தில் தாய்மாமன் பாண்டிக்கான பெரிய வட்டம். அதற்குள் டங்காசுரன் கோரைப்பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

டங்காசுரன், 'ஏழுகோட்டை' என்கிற செல்போன் விளையாட்டின் கடைசிக் கோட்டை அரக்கன். விளையாட்டில் எதிர்ப்பட்டவர்களையெல்லாம் நசுக்குவான். ஸ்வாதி வரைந்து இன்ஸ்டாவில் போடும் நாலு கட்ட காமிக்ஸில் அவன் பாடு வேறு. தலை நிறைய எண்ணெயோடு குற்றால அருவி வரிசையில் நிற்பான். குரங்கு அவன் கதாயுதத்தைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிடும். வாழைப்பழத்தைக் காட்டிக் கெஞ்சுவான்.

மாமன் போட்டோ வரும்வரை வட்டம் காலியாக இருக்க வேண்டாமே என்று அவனை அங்கே ஒட்டிவைத்தவள், அப்படியே பிரிண்டுக்கு அனுப்பிவிட்டாள். மடத்தனம்தான், வேறென்ன சொல்ல?

"வேற அடிச்சிருவோம் அண்ணாச்சி," என்றாள் போனில்.

"எதை வச்சு அடிக்க? சாயங்காலம் வரைக்கும் கரண்டு கிடையாது. கல்யாண போர்டைக் கழட்டுனா வள்ளித்தாய் அபசகுனம்னு அழுவா."

அண்ணாச்சிக்கு மூச்சு வாங்கியது. "வரப்புத் தகராறுல தங்கச்சி பக்கத்து வயக்காரனுக்கு ஞாயம் பேசிட்டாள்னு பாண்டி வருசக்கணக்கா இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல. ஃப்ளெக்ஸ்ல உன்னைத்தான் பெருசா போடுதேன்னு சொல்லி, இப்பம்தான் வரச் சம்மதிக்க வச்சிருக்கா. இதைப் பாத்துட்டு அவரு திரும்பிப் போனாருன்னா, நீயும் அவருகூடவே வண்டியேறிரு."

ஸ்வாதி பூக்கடைக்கு ஓடினாள். தடிமனான சாமந்தி மாலை ஒன்றை வாங்கி, ஏணியில் ஏறி வட்டத்தின் மேல் தொங்கவிட்டாள். கொம்பும் பல்லும் ஒருவழியாக மறைந்தன.

அவள் இறங்குவதற்குள் ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஃப்ளெக்ஸைக் கும்பிட்டார்.

"ஐயோ பாவம், கல்யாண நேரத்துலயா? எப்பம் தவறினாரு?"

"யாரு தாத்தா?"

"மாலை போட்டிருக்கே, வள்ளித்தாய் அண்ணன்தானே? வீட்டுல போய்த் துட்டி கேட்டுட்டு வந்திருதேன்."

"யாரும் சாகல தாத்தா! நீங்க வீட்டுக்குப் போங்க!" என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு, மறுபடி ஏறி மாலையைப் பிய்த்து எறிந்தாள்.

பாண்டியின் மனைவி உலகம்மைக்குப் போன் போட்டாள்.

"அத்தே, மாமா போட்டோ உடனே வேணும்."

"நாங்க பஸ்ல வந்துக்கிட்டு இருக்கோம் மக்கா. பழைய தேரோட்டப் போட்டோ ஒண்ணு இருக்கு, அனுப்புதேன்."

போட்டோ வந்தது. அதில் இரண்டு பேர் தோளில் கை போட்டு நின்றார்கள். ஒருவர் ஒல்லி, மழமழவென்று சவரம் செய்த முகம். மற்றவருக்குக் காதுவரை மீசை. கேட்கலாம் என்றால் உலகம்மைக்கு லைன் போகவில்லை. தாய்மாமன் மீசை இல்லாமலா இருப்பார் என்று ஸ்வாதி மீசைக்காரரை வெட்டியெடுத்தாள்.

பக்கத்து ஸ்டூடியோவில் இன்வெர்ட்டர் இருந்தது. ஆனால் அங்கே சின்ன ஸ்டிக்கர்தான் போட முடியும். அவசர அவசரமாக ஒட்டியதில் முகம் என்னவோ கச்சிதமாகப் பொருந்தியது. மேலே இரண்டு சிவப்புக் கொம்பும், கீழே தோளில் கதாயுதமும் அப்படியே நின்றன. முன்பாவது அது யாரோ அரக்கன். இப்போது மாமனே அரக்கன்.

உரித்துப் பார்த்தாள். பசை விடவில்லை. அதற்குள் ஆட்டோ வந்து நின்றது.

"இதான் நம்ம வீட்டு ஃப்ளெக்ஸா?" என்றபடி உலகம்மை இறங்கினாள். பின்னாலேயே, சாரலுக்குத் துண்டால் தலையையும் முகத்தையும் போர்த்திக்கொண்டு பாண்டி இறங்கினார். நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது.

ஸ்வாதிக்கு அழுகை முட்டியது. வேலை போனால் போகட்டும். சேரவிருந்த அண்ணன் தங்கையைத் தன் கிறுக்கல் பிரித்துவிட்டதே என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வள்ளித்தாய் வீட்டிலிருந்து ஓடிவந்தாள். "அண்ணே!"

"வள்ளி!" பாண்டி தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் மனசு தெரியாம இத்தனை வருசம் முகம் குடுக்காம இருந்துட்டனே! மாமன் சீரு ஒண்ணு குறையாம நான் செய்யுதேன், பாத்துக்கோ."

பிறகு, அப்போதுதான் கடையிலிருந்து ஓடிவந்து நின்ற அண்ணாச்சி பக்கம் திரும்பினார். "இதை வரைஞ்ச கைதான் என் மக கல்யாணத்துக்கும் போர்டு போடணும், சொல்லிட்டேன்."

அண்ணாச்சி ஃப்ளெக்ஸையும் பாண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்வாதி மெல்ல உலகம்மையின் பக்கத்தில் ஒதுங்கினாள்.

"அத்தே, கொம்பைப் பாத்து மாமாவுக்குக் கோவமே வரலியா?"

"இவியளுக்கு ஏன்ட்டி கோவம் வரணும்? நீ கொம்பு வச்சிருக்கது எங்க பக்கத்து வயக்காரன் நாறும்பூநாதனுக்குலா!"