லிஃப்டில் பேசுவது நான் அல்ல

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தானும் சுகம். நீயும் உன் மனைவியும் சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் நீ "ம், ம்" என்று சொல்லிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாய், அதனால்தான் கடிதம். இதைத் தம்பியாகப் படிக்காதே, வக்கீலாகப் படி.

நான் லிஃப்ட் கம்பெனியில் தொலைபேசி ஆபரேட்டராக இருந்தபோது, என்னைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து "கதவு மூடுகிறது", "மேலே செல்கிறது" என்றெல்லாம் பேசச் சொல்லிப் பதிவு செய்தார்கள் அல்லவா? எங்கள் குடியிருப்பு லிஃப்டிலும் அதுதான் ஓடுகிறது. நான் ஓய்வு பெற்ற பிறகும் என் குரல் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. இப்போது அந்தக் கம்பெனி என் குரலைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கி, நான் பேசாததையெல்லாம் பேச வைக்கிறது. எங்கள் சங்கச் செயலாளர் தன் போனில் எதைத் தட்டினாலும் லிஃப்ட் அதை என் குரலில் சொல்கிறது. போன வாரம் "மூன்றாம் மாடியில் நாற்காலியைத் தரதரவென்று இழுக்க வேண்டாம்" என்று தட்டிவிட்டார். மூன்றாம் மாடி டீச்சர் என்னைப் பார்த்தும் பார்க்காதது போலப் போனாள். வழிமறித்து என்னவென்று கேட்டதும் பொரிந்துவிட்டாள்.

"லிஃப்ட்ல ஊரைக் கூட்டிச் சொல்றதுக்கு, நேர்ல வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொல்லலைம்மா. அது மெஷின்."

"உங்க குரல் எனக்குத் தெரியாதா? முடிக்கும்போது லேசா இழுப்பீங்களே, அதுகூட அப்படியே இருக்கு."

நான் இழுக்கிறேனா தம்பி? இத்தனை வருஷத்தில் ஒருத்தர்கூடச் சொன்னதில்லை.

அடுத்தது உன் அத்தான். படியேறி வந்தால் உடம்புக்கு நல்லது என்று லிஃப்ட் சொல்லியிருக்கிறது. மனிதர் மூச்சு வாங்கப் படியேறி வந்து நிற்கிறார். 

"இதையே நான் எத்தனை வருஷமா சொல்றேன்?" என்றேன்.

"அவ சொன்ன விதம் வேற. தன்மையா சொன்னா."

"அவங்கிறது யாரு?"

"நீதான்," என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

என் மேலேயே எனக்குப் பொறாமை வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அதோடு முடிந்ததா? பல் டாக்டரிடம் போனேன். வாயைப் பிளந்து பஞ்சைத் திணித்தாகிவிட்டது. கம்பெனி அங்கேயும் என் குரலை விற்றிருக்கிறது போல, சுவர் ஸ்பீக்கரிலிருந்து என் குரல், "பயப்பட வேண்டாம், வலிக்காது" என்கிறது. வலித்தது. என்னிடமே நான் பொய் சொல்லிவிட்டேன்; பஞ்சு இருந்ததால் திட்டவும் முடியவில்லை.

நேராகக் கம்பெனிக்குப் போனேன். போன முறை வந்தபோது நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னதெல்லாம் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது: ஓசையைக்கூட வணிகச் சின்னமாகப் பதியலாம், கம்ப்யூட்டரைக் கண்டுபிடிப்பாளர் என்று எழுதினால் காப்புரிமை கிடைக்காது, ஒருவர் குரலைக் கேட்காமல் எடுத்துக் கம்ப்யூட்டரில் பேசவைத்தால் நீதிமன்றங்கள் இப்போது தடை போட ஆரம்பித்திருக்கின்றன. புது மானேஜர் சின்னப் பையன்.

"ரெக்கார்டிங்கோட பதிப்புரிமை கம்பெனிக்குத்தான் மேடம்."

"ரெக்கார்டிங் உங்களுதுதான், யார் இல்லைன்னா? தொண்டை என்னுது."

அவன் தன் போனை எடுத்தான். "நல்லா இருக்கு மேடம். இதை ரெக்கார்ட் பண்ணிக்கலாமா?"

என் தம்பி இந்தச் சட்டத்தில்தான் வக்கீல் என்றதும் எழுந்து நாற்காலி போட்டான். "ஒரு நோட்டீஸ் அனுப்புங்க மேடம், உங்க குரலை எல்லா இடத்துலயும் எடுத்துடறோம்" என்றான். இதற்குள் உன் அத்தான், பதிப்புரிமைக்கும் காப்புரிமைக்கும் வித்தியாசம் தெரியாமல், என் தொண்டைக்குக் காப்புரிமை வாங்கப்போவதாகப் பூங்கா முழுக்கச் சொல்லிவிட்டார். ஒருவர் என்னிடம் வந்து, "ஆபரேஷன் எப்போ?" என்று விசாரிக்கிறார்.

ஆகவே தம்பி, தாமதிக்காமல் நோட்டீஸை அனுப்பு. காரமாக எழுது. என் குரல் ஒரு லிஃப்டிலும் ஒரு சுவரிலும் இருக்கக்கூடாது. இனி நான் பேசினால் என் வாயால்தான் பேசுவேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. நேரத்துக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் இருவரும் நன்றாக இருங்கள்.

உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அத்தானின் அக்கா போன் செய்தார். லிஃப்ட் கம்பெனி புதுக் குரல் தேடியதாம், இவர் போய்ப் பேசிக் காட்டினாராம், பிடித்துப்போய்விட்டதாம். "இனிமே தினமும் உங்க வீட்டு வாசல் வரைக்கும் நான்தான் கொண்டுவந்து விடப்போறேன்" என்கிறார். தம்பி, மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. என் குரலை எடுத்தால் வழக்குப் போடுவேன் என்று உடனே நோட்டீஸ் அனுப்பு. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லாதே. தினமும் ஏதாவது புதிதாக வந்துகொண்டுதானே இருக்கிறது, இதையும் சேர்க்கச் சொல்.