ரெண்டு கிலோ கல்லும் அத்தான் மீசையும்

எம்.ரெட்டியபட்டி
11-6-1972

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய அத்தான் சௌந்தரபாண்டியன் அவர்கள் சமூகத்துக்கு, பலசரக்குக் கடை தங்கசாமி கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், வெள்ளைத்தாய், மகள் கோகிலாம்பாள், கடைப் பூனை ஆகிய நால்வரும் திருமேனிநாதர் கிருபையால் சுகம். அவ்விடம் தங்கள் சுகம், அக்காள் சண்முகவடிவு சுகம், அருப்புக்கோட்டைக் கடையின் சுகம், முக்கியமாகத் தங்கள் மேலுதட்டு மீசையின் சுகம் அறிய மிகவும் ஆவல். மீசையை ஏன் விசாரிக்கிறேன் என்ற விவரம் கீழே வருகிறது. நின்றுகொண்டு படிக்காமல் உட்கார்ந்து படிக்கவும்.

தைப்பொங்கலுக்கு நீங்களும் அக்காளும் இங்கே வந்திருந்தீர்கள். கிராமத்துக் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு சர்க்கார் ஒரு பரீட்சை வைக்கிறது, அதில் அறுபது மார்க் வாங்கினால் அருப்புக்கோட்டையில் பெரிய பள்ளிக்கூடத்தில் சர்க்கார் செலவிலேயே ஹாஸ்டலில் தங்கிப் படிக்கலாம் என்று நான் சொன்னேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துபோகிறது, அதற்கு மேல் படிக்கவைக்க எனக்கு வக்கில்லை, இந்தப் பரீட்சையை விட்டால் பிள்ளைக்குக் கடையில் பருப்புச் சாக்குப் பக்கத்து முக்காலிதான் கதி என்பது உங்களுக்கும் தெரியும். தெரிந்தும் என்ன சொன்னீர்கள்? பணியாரத்தை வாயில் போட்டுக்கொண்டே, "ஏ மாப்ள, பருப்பு நிறுக்கிற பிள்ளைக்கு என்னத்துக்குப் பரீட்சை? இவ தேறிட்டான்னா நான் மீசையை வழிச்சுர்றேன்" என்றீர்கள். வெள்ளைத்தாய் சாட்சி. அக்காளும் சாட்சி. அவுக சிரித்த சிரிப்பில் சட்டியிலிருந்த பணியாரம் கருகிப்போனது.

பிள்ளை பரீட்சை எழுதினாள். ஐம்பத்தெட்டு வந்தது. இருபது முப்பது வந்திருந்தால் தலையெழுத்து என்று விட்டிருப்பேன் அத்தான். ரெண்டே மார்க்கில் போச்சே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தலைமையாசிரியர் நல்லகண்ணு சார், "திருச்சுழிக்குப் பரீட்சை அதிகாரி வந்திருக்காரு, ஒரு மனுவைக் குடுத்துப் பாருங்க அண்ணாச்சி" என்றார். கோகிலாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழிநெடுக என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். இருபது வருஷமாகத் தராசுக்குப் பின்னால் நிற்கிற எனக்கு ஒரே நியாயம்தான் தெரியும். கால் கிலோ சீனி வாங்குகிறவனைக்கூட ஒரு சில்லுக் கருப்பட்டி கொசுறு கொடுக்காமல் நான் அனுப்பியதில்லை. அதனால் அதிகாரியைக் கும்பிட்டு, "ஐயா, பிள்ளை அம்பத்தெட்டு வாங்கியிருக்கு. கொசுறா ஒரு ரெண்டு போட்டுக் குடுங்க" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யோவ், இது பரீட்சையா, சந்தைக்கடையா?" நான் விட்டேனா? "சரிங்கய்யா, நீங்க ஒண்ணு போடுங்க, இன்னொண்ணை எங்க சார்கிட்ட வாங்கிக்கிறேன்" என்றேன். அங்கிருந்த குமாஸ்தாக்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் பிள்ளைக்கு முகமே செத்துப்போச்சு. ஐயோ, நம்மளாலயே பிள்ளைக்கு அவமானமாப் போச்சே! பொய் சொல்ல மாட்டேன் அத்தான், துண்டால் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன்.

அப்போதுதான் கோகிலா வாயைத் திறந்தாள். "ஐயா, எனக்குக் கொசுறு வேண்டாம். நான் தப்பாப் போட்ட கணக்கெல்லாம் எதுன்னு மட்டும் காட்டுங்க. தெரிஞ்சுக்கிட்டுப் போறேன்."

அதிகாரிக்கு அது நியாயமாகப் பட்டது. தாளைத் தேடி எடுத்தார். தப்பானவற்றில் ரெண்டு மார்க் கணக்கு ஒன்று இது: ஒரு வியாபாரியிடம் ஒரு கிலோ கல் ஒன்றும் ஐந்து கிலோ கல் ஒன்றும் மட்டும் இருக்கின்றன. அவர் ஒரே தடவையில் எத்தனை விதமான எடை நிறுக்கலாம்? மேலிடத்து விடை மூன்று. அதாவது ஒன்று, ஐந்து, ரெண்டையும் சேர்த்துப் போட்டால் ஆறு. நம்ம பிள்ளை எழுதியிருந்தது நான்கு.

"நாலாவது எதும்மா?"

"நாலு கிலோங்கய்யா."

"நாலு கிலோவுக்குக் கல்லே இல்லையே?"

"எங்க கடையில ரெண்டு கிலோ கல்லே இல்லீங்கய்யா. மாமா இரவல் வாங்கிட்டுப் போயி நாலு வருசமாச்சு. அது இருந்தா ரெண்டு தடவை நிறுத்துருவேன். இப்ப நாலு கிலோ கேக்கிறவுகளுக்கு இந்த ரெண்டு கல்லையும் வச்சுத்தான் நிறுத்துக் குடுக்கேன்" என்றாள்.

அந்த மாமா யார் என்பது தங்களுக்குத் தெரியும். நீங்கள் அருப்புக்கோட்டையில் புதுக்கடை திறந்தபோது, "பத்து நாள்ல தந்துர்றேன் மாப்ள" என்று சொல்லி எடுத்துப்போன கல் அது.

அதிகாரி ஆளனுப்ப, எதிர்க் கடைக்காரர் தராசும் கல்லும் வெங்காயமும் கொண்டுவந்தார். கோகிலா ஒரு தட்டில் ஐந்து கிலோ கல்லை வைத்தாள். மற்றத் தட்டில் ஒரு கிலோ கல்லை வைத்து, அதன் பக்கத்திலேயே முள் நடுவுக்கு வரும்வரை வெங்காயத்தைக் கொட்டினாள். பிறகு ஒரு கிலோ கல்லை மட்டும் எடுத்துவிட்டு, "இந்தா இருக்கு நாலு கிலோ" என்றாள். எதிர்க் கடைக்காரர் தன்னுடைய ரெண்டு கிலோ கற்கள் இரண்டைப் போட்டுத் திருப்பி நிறுத்தார். முள் அப்படி இப்படி அசையலையே! அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். "இதுக்கு மார்க் போடலேன்னா எனக்குல்ல பரீட்சை வைக்கணும்!" என்று சொல்லி, மனுவில் விவரம் எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். "அப்படியே கொசுறா இன்னும் ஒண்ணு..." என்று நான் ஆரம்பித்தேன். பிள்ளை என் காலை மிதித்தாள்.

நாற்பது நாள் தகவல் இல்லை. நேற்று தபால்காரர் கடையில் வைத்துவிட்டுப் போன தாளை, கண்ணாடி போடாத குறையினால், பழைய பேப்பர் என்று நினைத்து அதில் கடுகு மடித்து, காட்டில் காய்ந்த பருத்திமார்ச் செடி பிடுங்கிவிட்டு வந்த சந்தனம்மாளிடம் கொடுத்துவிட்டேன். தபால்காரர் திரும்பி வந்து, "சர்க்கார் கடுதாசியப் பாத்தீகளா அண்ணாச்சி?" என்று கேட்டதும் பார்க்கணுமே நான் ஓடின ஓட்டத்தை! வேட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சந்தனம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடுகு தாளிப்பில் வெடித்துக்கொண்டிருந்தது. தாள் அடுப்புக்குள் போகப் போன நேரம். பிடுங்கிக்கொண்டு வந்து கோகிலாவிடம் கொடுத்தேன். அறுபது! ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இடம் கிடைத்துவிட்டது அத்தான்! தெருவுக்கே வெல்லம் கொடுத்தேன். வெள்ளைத்தாய் அழுதாள், நானும் அழுதேன், பிள்ளை மட்டும் எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில், சவரத்துக்கு ஆளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். மீசையைச் சீவி எண்ணெய் போட்டுத் தயாராக வைத்திருக்கவும். எனது ரெண்டு கிலோ கல்லையும் கழுவி வைக்கவும். அதன்பிறகு உங்கள் வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன். பிள்ளை ஹாஸ்டலில் ராணி மாதிரி இருந்துகொள்வாள். உங்கள் தயவு எங்களுக்குக் கடுகளவும் தேவையில்லை.

அக்காளுக்கு என் நமஸ்காரம். உங்கள் பிள்ளைகள் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
கோகிலாம்பாளின் தகப்பன்,
தங்கசாமி

பின்குறிப்பு: கடுதாசியை ஒட்டப்போகும்போது கோகிலா அந்த சர்க்கார் தாளின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டினாள். ஹாஸ்டலுக்கு இன்னும் கூரையே போடவில்லையாம். ஒரு வருஷத்துக்கு உள்ளூர்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்கித்தான் படிக்க வேண்டுமாம். அந்தச் சொந்தக்காரர் கையெழுத்து வருகிற 19-ஆம் தேதி திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்காம். அருப்புக்கோட்டையில் உங்களை விட்டா எங்களுக்கு யார் இருக்கா அத்தான்? வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் பிள்ளையோடும் டிரங்குப் பெட்டியோடும் வாரேன். சவரத்து ஆள் வரவில்லை. மீசை உங்கள் முகத்துக்குத் தனி லட்சணம், அது இருக்கட்டும். கல்லும் உங்களிடமே இருக்கட்டும், அது இல்லாமல் போனதால் அல்லவா பிள்ளைக்கு இடம் கிடைத்தது!

மாமாவுக்கு கோகிலா எழுதுவது: அப்பா விட்டாலும் நான் விடுவதாக இல்லை. வீட்டில் இடம் கொடுங்கள், பாதி மீசை எடுத்தால் போதும். மீதிப் பாதி என் கொசுறு.