எல்லையில் ஒரு தேத்தண்ணிக்கடை

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. ஆனால் அதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஹெலிகொப்டர் வைத்திருப்பவனைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதில்லை. அடுத்த தெருவில் பென்ஸ் கார் வாங்கிய டொக்டரைப் பார்த்தும் படவில்லை. (படித்த மனுசன், போகட்டும்.) ஆனால் என்னுடைய சகலன் ஒரு புதுக் குடை வாங்கினால் போதும், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

சகலன் நேசன், என் மனைவி ராஜியின் தங்கையைக் கட்டியவன். பாரிஸில் இருந்தான். என்னைவிட ஆறு வயது இளமை, என்னைவிடத் தலைமயிர் கூட, என்னைவிட அமைதி. இந்த மூன்றாவதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. தான் செய்ததை அவன் வாய்விட்டுச் சொல்ல மாட்டான். நாங்களாகத் தோண்டித் தோண்டிக் கேட்க வேண்டும். கேட்கிற வேலையும் என்னுடையது, கேட்டபின் வயிறெரிகிற வேலையும் என்னுடையது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பிரான்ஸ், ஸ்பெயின் என்று சில நாடுகள் சேர்ந்து தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நிறுத்திவிட்டன. ஷெங்கன் என்று அதற்குப் பெயர். பிரிட்டன் அதில் சேரவில்லை. நானோ லண்டனில், மிச்சம் என்கிற பகுதியில், பதினொரு வருடம் காத்திருந்து பிரிட்டிஷ் பாஸ்போட் எடுத்து, அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பால் வாங்கப் போனவன். அகதிப் பத்திரத்தோடு இருந்த நேசன் எதையும் காட்டாமல் நாடு விட்டு நாடு போகிறான். இது என்ன நியாயம்?

அந்த எரிச்சல் ஆறுவதற்குள் அவன் மனைவி டெலிபோனில் ஏதோ சொல்லப்போக, நான் ராஜியிடமிருந்து ரிசீவரை வாங்கி, நேசனைக் கூப்பிட்டுத் தோண்டினேன்.

"ஓம் அண்ணை. ஸ்பெயினில, எல்லை தாண்டிக் கொஞ்சத் தூரத்தில, கடற்கரைப் பக்கம் சின்னதா ஒரு பிளாற் வீடு வாங்கியிருக்கிறன்."

"உனக்கென்ன விசரோ? அங்க ஆர் வரப்போயினம்?"

"முந்தி எல்லையில கார் ரெண்டு மணித்தியாலம் நிக்கும் அண்ணை. அதால ரெண்டு நாள் லீவுக்கு ஒருத்தரும் வராயினம். இப்ப வெள்ளிக்கிழமை வேலை முடிய வெளிக்கிட்டு வருகினம். கோடை முழுக்க வாடகைக்குக் கேட்டாச்சு."

இதை அவன் மழை பெய்கிறது என்பதுபோலச் சொன்னான். நான் ரிசீவரை வைத்தேன். ராஜி என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "பிறஷர்க் குளிசை போட்டனீங்களோ?" என்றாள்.

இரண்டு கிழமை கழித்து, குரொய்டனில் ஒரு ஹோட்டலில் ஸ்பெயின் வீடுகள் விற்கிற கண்காட்சி நடந்தது. ராஜிக்கு ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு, கோட் போட்டுக்கொண்டு போனேன். (ஓவர்டைமுக்கு ஏன் கோட் என்று அவள் கேட்கவில்லை. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.)

சுவரெல்லாம் நீச்சல் தடாகங்கள். எனக்கு அவை ஒன்றும் பிடிக்கவில்லை. நேசன் வாங்கியதையே நானும் வாங்கினால் அவனைப் பார்த்து வாங்கினேன் என்பார்கள். அவனுக்குத் தோன்றாதது ஒன்று வேண்டும். அப்போதுதான் மூலையில் அந்தப் படத்தைக் கண்டேன். பிரெஞ்சு எல்லைச் சாவடி, அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோப்பிக் கடை, கடைக்கு முன்னால் மலை வளைவுவரை வரிசையாக நிற்கும் கார்கள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதைப் புரிந்துகொள்ள நீங்கள் யாழ்ப்பாணத்து ஆளாக இருக்க வேண்டும். எங்களைப் பஸ்ஸால் இறக்கி, சாமான் கிளறி, திரும்ப ஏற்றிய ஒவ்வொரு செக்பொயின்றுக்கும் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக்கடை இருந்தது. கடைக்காரன் கல்லாப்பெட்டியை மூட நேரமில்லாமல் நிற்பான். மறிக்கிற இடத்தில் மனுசனுக்குத் தாகம் எடுக்கும் என்பது எங்களுக்கு ஊறிய அறிவு. இனி உல்லாசப் பயணிகள் வேறு குவியப் போகிறார்கள். எல்லாரும் இந்த எல்லையால்தானே வர வேண்டும்?

விற்பனையாளர் வெயிலில் சிவந்த ஒரு வெள்ளைக்காரர். நான் படத்தைக் காட்டியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அதுவா? அதையா கேட்கிறீர்கள்?"

"விற்றுவிட்டீர்களா?"

"இல்லை, இல்லை. யாருமே கேட்கவில்லை." சற்று யோசித்து, "படம் கொஞ்சம் பழசு," என்றார்.

நல்ல மனுசன். அவர் தன்னால் முடிந்ததைச் சொல்லிப் பார்த்தார். நான் அதற்கு, "பரவாயில்லை, பெயின்ற் அடிக்கலாம்," என்றேன். படத்தையும் வாங்கும் படிவத்தையும் கையோடு கொண்டுவந்தேன்.

முற்பணக் காசோலையை எங்கள் குசினிக் காசிலிருந்து எழுதினேன். எங்கள் வீட்டுக் குசினியில் ஓராள் அடுப்படியில் நின்றால் மற்றாள் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். பிரிட்ஜ் நடைவழியில் நின்றது. அதைப் பின்பக்கம் நீட்டிக் கட்டுவதற்காக ராஜி நான்கு வருடம் பேக்கரியில் விடியற்காலை ஷிப்ட் செய்து சேர்த்த பணம் அது. கடை வருமானத்தில் அவளுக்கு இரண்டு குசினி கட்டிக் கொடுப்பதாக மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு நேசன் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். அவன் வருமுன் அனுப்பியாயிற்று என்று சொல்ல வேண்டும் என்பதற்காகவே, காலையில் ஆட்டிறைச்சி வாங்கப் போகிற வழியில் காசோலையையும் படிவத்தையும் தெருமுனைத் தபால்பெட்டியில் போட்டேன்.

நேசன் பிந்தித்தான் வந்தான். "டோவரில இருத்திவைச்சுக் கேள்வி கேட்டாங்கள் அண்ணை. ஸ்பெயினுக்குப் போக ஒருத்தரும் கேக்கேல்லை. உங்கட வீட்டுக்கு வரத்தான் கஷ்டம்."

எனக்கு அன்று முதல்தடவையாக பிரிட்டிஷ் அரசாங்கத்தின்மேல் பாசம் வந்தது. அந்த உற்சாகத்தில், அவன் முதல் கவளத்தை வாயில் வைத்ததும் படத்தை எடுத்து அவனுடைய சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"வாங்கியாச்சு," என்றேன். "காலமைதான் செக் அனுப்பினனான்."

நேசன் கையைக் கழுவிவிட்டு வந்து படத்தை எடுத்தான். நெடுநேரம் பார்த்தான். அவன் முகம் மாறுகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாறியது. ஆனால் நான் எதிர்பார்த்த பக்கம் மாறவில்லை.

"அண்ணை, இந்தக் காரெல்லாம் ஏன் நிக்குது?"

"ஏனெண்டால்? பாஸ்போட் பாக்கத்தான்."

"இப்ப ஆர் பாக்கிறாங்கள்?"

நான் படத்தை அவன் கையிலிருந்து வாங்கி, சாவடியில் நிற்பவனைத் தேடினேன்.

"போன மாசம் இதாலதான் போனனான்," என்றான் நேசன், மிகவும் மெதுவாக. "நான் பிரேக்கே போடேல்லை அண்ணை."

ராஜி கறிச்சட்டியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, எந்தக் காசில வாங்கினியள்?"

"அது வந்து..."

"குசினிக் காசோ?"

நான் அலுமாரியைத் திறந்து கம்பி ஹாங்கர் ஒன்றை உருவி, செலோரேப்பையும் எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

எங்கள் தெருப் பெட்டியில் ஞாயிற்றுக்கிழமை தபால் எடுக்க மாட்டார்கள். அந்தச் சிவப்புப் பெட்டிக்குள்தான் என் குசினி கிடக்கிறது. ஹாங்கரை நிமிர்த்தி, நுனியில் செலோரேப்பைப் பசைப்பக்கம் வெளியே வரச் சுற்றி, பெட்டியின் வாய்க்குள் விட்டுத் துழாவினேன். ஒரு கடிதம் ஒட்டியது. யாரோ ஒருவருடைய பிறந்தநாள் வாழ்த்து. திரும்பப் போட்டேன். அடுத்தது காஸ் பில். முழங்கைவரை உள்ளே விட்டதில் கை இறுகிவிட்டது. அந்த நேரம் பார்த்து, கோயிலால் வந்த எங்கள் ஆட்களின் கார்கள் ஒவ்வொன்றாக வேகத்தைக் குறைத்தன. கண்ணாடிகள் இறங்கின. நான் மறுகையால் எல்லாருக்கும் வணக்கம் சொன்னேன்.

கடைசியாக நின்றது பொலிஸ் கார்.

"ஐயா, என்ன செய்கிறீர்கள்?"

"என்னுடைய கடிதத்தை எடுக்கிறேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அடையாளப் பத்திரம் ஏதும் உண்டா?"

மறுகையால் சட்டைப் பையிலிருந்து பாஸ்போட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஐரோப்பாவில் பாதிப்பேர் எதையும் காட்டாமல் எல்லை தாண்டிக்கொண்டிருந்த அந்த மத்தியானத்தில், சொந்தத் தெருவில் பாஸ்போட் பார்க்கப்பட்டவன் நான் ஒருவன்தான்.

நேசன் வந்து பொலிஸ்காரரிடம் பணிவாக விளங்கப்படுத்தினான். அவனுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. (பாரிஸில் இருந்துகொண்டு எப்போது படித்தான்?) இருவரும் சேர்ந்து என் கையை உருவி எடுத்தார்கள். பொலிஸ்காரர் ஹாங்கரை மட்டும் கொண்டுபோனார். அதற்குள் தெருவில் பதினைந்து கார் நின்றது. நேசன் அந்த வரிசையை ஒருமுறை பார்த்தான்.

"அண்ணை, நல்ல இடம். இதில போட்டிருக்கலாம் கடையை."

பின்னால் வந்து நின்ற ராஜி சிரித்தாள். கல்யாணம் கட்டிய இத்தனை வருடத்தில் என்னுடைய எந்தப் பகிடிக்கும் அவள் அப்படி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில்லை.

திங்கள் காலை தபால்காரர் வருமுன்பே நான் பெட்டியடியில் நின்றேன். காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். உள்ளே போட்டதை வெளியே தர அனுமதியில்லை என்று சொல்லி, என் கடிதத்தையும் சேர்த்துச் சாக்கில் கொட்டிக்கொண்டு போய்விட்டார். குசினி தபால் வண்டியில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்தபோது ராஜி டெலிபோனை வைத்துக்கொண்டிருந்தாள்.

"பாங்குக்கு அடிச்சு செக்கை நிப்பாட்டிப்போட்டன்."

நான் கதிரையில் இருந்தேன்.

"இதை நேற்றே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருக்கலாம்," என்றாள். "நீங்கள் கொஞ்சம் நிக்கட்டுமெண்டு விட்டனான்."

விற்பனையாளருக்கு நான் போன் செய்தபோது, அவர் என்னைவிட நிம்மதியடைந்ததுபோல் தெரிந்தது. அந்த வருடக் கடைசியில் குசினி கட்டி முடிந்தது. இப்போது அதில் நான்கு பேர் நிற்கலாம். செக்புத்தகம் எங்கே இருக்கிறதென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நேசனின் பிளாற்றில் கோடையில் இடம் கிடைப்பதில்லை. அதுகூடப் பரவாயில்லை. என் மகளின் கல்யாணத்தில் சாப்பாட்டு வரிசை மண்டபத்துக்கு வெளியே கார் நிறுத்தும் இடம்வரை நீண்டது. நான் வேட்டியோடு வாசலில் நின்றேன். நேசன் வந்து என்னுடைய தோளில் கையைப் போட்டு, வரிசையை ஒருமுறை பார்த்து, "நல்ல இடம் அண்ணை," என்றான். அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டார் உட்பட மண்டபமே சிரித்தது. கனடாவிலிருந்து வந்த, நான் முன்பின் பார்த்திராத ஒரு கிழவர்கூடத் தபால்பெட்டிக் கதை தெரிந்து, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

அவமானப்பட்டவன் நான். கை இறுகியது எனக்கு. பொலிஸ் பிடித்தது என்னை. ஆனால் பகிடி மட்டும் அவனுடைய பெயரில் இருக்கிறது. அவனுடைய பிளாற்றைப்போலவே அதற்கும் வருடா வருடம் விலை ஏறிக்கொண்டே போகிறது.